ஓனருக்குக் குளிரவில்லை

"இங்க எங்கம்மா குளிருது?" என்றார் ஜுமாதில். சொல்லும்போதே அவர் வாயிலிருந்து ஆவி வந்தது.

ஜுமாதில் என் ஹவுஸ் ஓனர். எங்கள் ஊர் கராகோலின் தெருக்களில் அன்று மைனஸ் பன்னிரண்டு டிகிரி. அவரோ உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெறும் சட்டையோடு, கல்யாணத்துக்கு வந்தவர்போல மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நான் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கம்பளிச் சால்வையும் போட்டிருந்தேன்.

வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த பாய்லர் செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பியானோ சொல்லித்தருவது என் பிழைப்பு. பிள்ளைகள் கையுறையோடு வாசித்தார்கள். ஒரு விரலுக்கு இரண்டு கட்டை விழுந்தது. மூன்று பேர் நின்றுவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் நின்றால் நான் மூட்டை கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அங்கே எனக்கு இடம் உண்டு, பியானோவுக்குக் கிடையாது.

"என் மச்சான் வீட்ல ஒரு ஃபேன் ஹீட்டர் சும்மா கெடக்கு. நல்லா ஓடும்" என்றார் ஜுமாதில்.

அதை எனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் பாய்லர் ஒரு வாரம் படுத்தபோது இங்கேதான் இருந்தது. ஹெலிகாப்டர் இறங்குவதுபோலச் சத்தம் போடும். அது ஓடும்போது நான் வாசித்தால் எனக்கே கேட்காது.

அதனால்தான் பாய்லர் மாட்டுகிற கனிபெக்கை வரச்சொல்லியிருந்தேன். அவன் ஓனருக்குக் கால்மணி நேரம் முன்பே வந்து, அறை அறையாக டேப் பிடித்து அளந்து முடித்திருந்தான்.

"சின்ன பாய்லர் ஒரு ரூமுக்குத்தான் காணும் அண்ணே. பெருசு போட்டா வீடு முழுக்கச் சூடு வரும். பழைய பைப்பே போதும்" என்றான் கனிபெக்.

"பெருசு எதுக்கு? இதென்ன ஆஸ்பத்திரியா?" ஜுமாதில் என் பக்கம் திரும்பினார். "உன் பேரே சல்கின். குளிர்ச்சின்னு பேர வச்சுக்கிட்டு, குளிருதுன்னு சொன்னா எப்படிம்மா?"

கனிபெக் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து ஜாம் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தான். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு டிகிரி.

"சீனாக்காரன் செஞ்சதா?"

"ஜெர்மனிண்ணே."

ஜுமாதில் மூக்கை உறிஞ்சினார். நான் தேநீர் ஊற்ற ஊற்றக் குடித்தார். கோப்பையைக் கீழேயே வைக்கவில்லை. இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தன் அப்பா காலத்தில் பாய்லர் ஏது, பைப் ஏது என்று ஆரம்பித்தார். அவர் அப்பா தொண்ணூற்று நான்கு வயது வரை இருந்தாராம்.

ஐந்தாவது கோப்பை முடிந்ததும் கழிப்பறைக்குப் போக எழுந்தார்.

சட்டைக்குள்ளிருந்து ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து தொப்பென்று தரையில் விழுந்தது.

சிவப்பு ரப்பரில் ஒரு வெந்நீர்ப் பை.

நான் கூரையைப் பார்த்தேன்.

"இடுப்பு வலி" என்றார் ஜுமாதில். "டாக்டர் வைக்கச் சொல்லியிருக்காரு."

கனிபெக் குனிந்து பையை எடுத்தான். ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையோடு இரண்டு கைகளாலும் நீட்டினான்.

"ஆறிப்போச்சுண்ணே."

ஜுமாதில் பையைப் பார்த்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டார்.

"பெருசாவே போட்டுத் தொலை. எப்ப வருவ?"

"நாளைக்குக் காலையில."

இருவரும் படியிறங்கினார்கள். கீழ்த்தளம் போய்ச் சேர்வதற்குள் ஜுமாதில் நான்கு முறை தும்மியதை எண்ணினேன்.

தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

காலை ஆறு மணியிலிருந்து வீட்டில் எல்லா ஜன்னல்களின் மேல்கதவுகளும் திறந்தே கிடந்தன. மூடியிருந்தால் இந்த வீடு பதினொரு டிகிரிக்குக் கீழே போகாது. பதினொன்றிலும் பியானோ வாசிக்க முடியாதுதான். ஆனால் பதினொன்று ஜுமாதிலை அசைக்கிற எண் அல்ல.

சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று சாத்தினேன். கூடத்தில் தெருவைப் பார்த்த ஜன்னலில் கை வைத்தபோது வாசற்கதவு திறந்தது.

கனிபெக். கையுறைகளை மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

முக்காலி மேல் நான், கொக்கியில் என் கை. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

அவன் நாற்காலியிலிருந்து கையுறைகளை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று திரும்பினான்.

"பியானோவுக்குப் பின்னாலயும் ஒண்ணு இருக்குக்கா. நீங்க டீ போடப் போனப்போ படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஓனர் பாத்துடப் போறாருன்னு நான்தான் திரைய இழுத்து மூடுனேன்."