குகைக்குள் தபால்காரர்

“முப்பது வருஷம் தபால் கொடுத்தவன் நான். எந்தச் சந்துலயும் வழி தப்பினதில்ல. இந்தக் குகையில மட்டும் ஏழு வருஷமா சுத்தறேனே!”

நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்தார் கணவர். இளவயதில் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. படமே இல்லாத பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. ‘வடக்கே போ’ என்று தட்டினால், ‘இருட்டுக் குகை’ என்று எழுத்தில் பதில் வரும். போகிற வழியை நாமேதான் நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும்.

“நேத்து ஒரு புது வழி கண்டுபிடிச்சேன். இன்னிக்கு நோட்டுல காணோம்!”

“வரைய மறந்திருப்பீங்க. முதல்ல போய்க் குளிங்க,” என்றாள் மனைவி.

அவர் குளியலறைக்குள் போனதும் மகள் போனில் வந்தாள்.

“அப்பா இன்னும் அந்த விளையாட்டை முடிக்கலையா? பாவம்மா.”

“யாருடி பாவம்? போன விளையாட்டை முடிச்சுட்டு ஆறு மாசம் சமையலறையே கதின்னு கிடந்தாரே! டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டி, அடுப்பு எரியற நேரத்தைக் குறிச்சு, என் உயிரை எடுத்தாரே!”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அன்று காலை அவர் நோட்டில் வரைந்திருந்த புது வழியை ரப்பரால் பதமாக அழித்து, தூளை ஊதிவிட்டாள்.