பாதி விலைக் கிளை

முள்ளம்பன்றியும் அணிலும் சேர்த்துவைத்த கிழங்கையும் கொட்டையையும் குரங்கிடம் கொடுத்து, ஆற்றோர மாமரத்தில் ஆளுக்கொரு கிளை வாங்கின. அன்று முதல், காலையில் மைனா கூவிச் சொல்லும் அன்றைய கிளை விலையைக் கேட்காமல் இரண்டுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் பலத்த காற்றில் மாம்பூ கொட்டியது. “கிளை பாதி விலை!” என்று மைனா கத்தியது.

அணில் முள்ளம்பன்றியிடம் ஓடி வந்தது. “எல்லாரும் விக்கிறாங்களாம். நாமளும் கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டுடலாமா?”

“இந்த மரத்து வேர் ஆறு வரைக்கும் போகுதுன்னுதானே வாங்கினோம்? இரு, அதைப் பாத்துட்டு வந்துடறேன்” என்றது முள்ளம்பன்றி. அதற்கும் உள்ளுக்குள் பயம்தான். கரையில் இறங்கி, மூச்சு வாங்க மண்ணைத் தோண்டியது.

மூக்கெல்லாம் சேறாகத் திரும்பி வந்தது. “வேர் நல்ல ஈரமா இருக்கு. நான் விக்கலை. நீயும் உன் கிளையை ஒரு தடவை ஏறிப் பாரேன்.”

அணில் ஏறியது. உதிர்ந்தது போக மிஞ்சிய பூக்களுக்கு நடுவே மிளகு மிளகாகப் பிஞ்சுகள் தெரிந்தன.

கீழே மைனா, “கால் விலை! கால் விலை!” என்று அலறியது.

அணில் எட்டிப் பார்த்தது. “கொஞ்சம் மெதுவாக் கத்தேன். இங்க பிஞ்சுங்க பயந்துக்கப் போகுது!”