கணக்கில் புலி

"ரூட் அம்பதுல இருந்து ரூட் எட்டைக் கழிச்சா என்ன வரும்?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே இப்படிக் கேட்பாள் என்று பால்வண்ணநாதன் கனவிலும் நினைக்கவில்லை. காலையில் குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றுவிட்டு நேராகத் தென்காசிக்கு வந்திருந்தான். தலை ஈரம் காய்வதற்குள் வியர்த்துவிட்டது.

"வயசு இருவது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி மூணு வருசமாச்சு. கணக்குல புலி" என்று தரகர் அளந்தது நிஜம்தான் போலிருக்கிறது. இவனோ கணக்கில் பி.எஸ்ஸி. இங்கே உளறினால் மானம் போகும். மானம் கிடக்கட்டும், மங்களேஸ்வரி போய்விடுவாள். கேசரித் தட்டை நீட்டியபோது அவள் நிமிர்ந்து பார்த்தாளே, அப்போதே ஆள் விழுந்துவிட்டான்.

"ஏட்டி, சும்மா இருக்க மாட்டியா?" அவள் அப்பா காந்திமதிநாதன் பல்லைக் கடித்தார்.

"கேக்கட்டும் மாமா. மூணு ரூட் ரெண்டு" என்றான் பால்வண்ணநாதன்.

"எப்படி வந்திச்சு?"

சரியான கறார்க்காரி. "அம்பதுங்கது இருவத்தஞ்சு தடவ ரெண்டு. இருவத்தஞ்சு, அஞ்சா வெளிய வந்துரும். உள்ள ரெண்டு நிக்கும். எட்டுல நாலு, ரெண்டா வெளிய வரும். அங்கனயும் உள்ள ரெண்டுதான். அஞ்சுல ரெண்டு போனா மூணு."

"அப்ப ரூட் ரெண்டையும் ரூட் மூணையும் கூட்டினா ரூட் அஞ்சுதான?"

மடக்கப் பார்க்கிறாள். அவனுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"வராது. உள்ள இருக்கது வேற வேறயா இருந்தா கூட்டப்பிடாது. அப்படியே விட்டுரணும்."

"ரூட் பன்னெண்டும் ரூட் இருவத்தேழும்?"

"அஞ்சு ரூட் மூணு."

மங்களேஸ்வரி கண்ணை மூடி, உதட்டுக்குள் முணுமுணுத்து, விரல் மடக்கிச் சரிபார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பானது. பால்வண்ணநாதனின் அம்மா வடிவாம்பாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம்புள்ள என்ன லேசுப்பட்டவனா?" என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டாள்.

இனி என்ன பயம்? அவன் வாய்விட்டே கேட்டுவிட்டான். "அப்ப நான் பாஸா?"

"நீங்களா? நாளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. செப்டம்பர் பரீட்சை எனக்குல்லா. ரெண்டு தடவ கணக்குல கோட்டை விட்டாச்சு. இந்த ரூட்டு இன்னைக்குத்தான் புரியுது" என்றாள் மங்களேஸ்வரி.

காந்திமதிநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வேற எதெல்லாம் புரியல?" என்று பால்வண்ணநாதன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.