துணியில்லாத ஊசி

ஒவ்வொரு தையல் மெஷினும் நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளப்பது என் வேலை. ஓடினால் மேலே பச்சை விளக்கு எரியும், நின்றால் சிவப்பு. என் மனைவி வளர்மதி இறந்த பிறகு அவளுடைய ஜன்னலோர மெஷினில் சிவப்பு அணையவே இல்லை. அவள் உட்கார்ந்த இடத்துக்கு ஆள் கேட்டு தினமும் நான்தான் வரிசை வரிசையாக அலைந்தேன். யாரும் உட்காரவில்லை. "சும்மா நிக்கிற மெஷினை அடுத்த யூனிட்டுக்கு அனுப்பிரு," என்றார் மேனேஜர்.

மறுநாள் அதில் பச்சை எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து மெஷின் ருக்குமணி அக்கா தன் துணியைத் தைத்தபடியே இடது காலை நீட்டி அதன் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். ஊசிக்குக் கீழே துணி இல்லை.

"கணக்கு பொய்யாயிரும்க்கா."

"ஆகட்டும். பச்சை எரிஞ்சா தூக்கமாட்டாங்கள்ல?"

"தூக்கட்டும்."

"உனக்கென்ன சாமி, நீ அளக்கறவன். அவகூட உக்காந்து சோறு தின்னவங்க நாங்க."

நானும்தான் தின்றேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

மாலையில் மேனேஜர் வந்தார்.

"லைன்லயே இதுதான் அதிகம் ஓடியிருக்கு. ஆனா ஒரு பீஸ்கூட வரலை. எப்படிய்யா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பெண்கள் ஒவ்வொருவராகத் தைப்பதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். வரிசை முழுவதும் விளக்குகள் சிவப்பாகின, என் முதுகுக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் ஒன்றைத் தவிர.