காலில் இறகு முளைத்த குஞ்சுகள்

“இதுதான் உன் கோழியாடா?”

தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு டக்ளஸ், தொழிலாளி அழகனின் பெட்டியைச் சப்பாத்து நுனியால் தட்டினார். வேலைக்குப் புறப்பட்ட லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது.

மீன் கடையில் தூக்கியெறிந்த, வெள்ளை நுரையாலான ரெஜிபோம் பெட்டி. மூடியில் காற்றுக்குத் துளைகள். உள்ளே தாய்க்கோழியின் சூட்டுக்கு ஒரு மஞ்சள் பல்பு. ஓட்டுக்குள் இருக்கும் தோல் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடாதிருக்க, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கந்தப்பளைக் குளிருக்குச் சுற்றிலும் சாக்கு. குஞ்சு ஓட்டோடு ஒட்டிவிடக் கூடாதென்று அழகன் காலையும் மாலையும் முட்டைகளைப் புரட்டிவிட்டிருந்தான்.

இப்போது பெட்டிக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன. டக்ளஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். அதன் கால்விரல் வரை பஞ்சு போல இறகு.

“இந்தத் தோட்டத்துல கால்ல இறகு உள்ள சேவல் யார்கிட்ட இருக்கு?”

“உங்க குவாட்டர்ஸ்லதாங்க ஐயா.”

“அங்கதான் மாசக்கணக்கா முட்டை காணாமப் போகுது. என் சம்சாரம் ஜோசப்பின், பாவம், ‘கீரி தின்னிருக்கும், விடுங்க’ன்னா. இது ரெண்டு கால் கீரின்னு எனக்குத் தெரியாதா?”

“சத்தியமா கடையில வாங்கினதுங்க ஐயா!”

டக்ளஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

“மடையா! கடைக்கு முட்டை பண்ணையில இருந்து வருது. அங்க கூண்டுல பெட்டை மட்டுந்தான். சேவல் சேராத முட்டைய சூரியனுக்குப் பக்கத்துல வச்சாலும் குஞ்சு வராது. பொட்டி செஞ்ச விஞ்ஞானிக்கு ஒழுங்காப் பொய் சொல்லத் தெரியல! நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல உன் பேர் இல்ல. இன்னிக்கே பொலிஸ்!”

அழகனின் மனைவி ஷாமிலா ஓடிப்போய்க் கடைக்காரர் கஜேந்திரனைக் கையோடு இழுத்துவந்தாள்.

“வாய்யா,” என்றார் டக்ளஸ். “பண்ணை முட்டையில குஞ்சு வருமா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு!”

கஜேந்திரன் தலையைச் சொறிந்தார்.

“வராதுங்க.”

“கேட்டியாடா?”

“ஆனா அழகன் பண்ணை முட்டை வாங்கலைங்க ஐயா,” என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார் கஜேந்திரன். “ஊர்க்கோழி முட்டை கேட்டான்.”

“உனக்கேது ஊர்க்கோழி முட்டை?”

“நம்ம ஜோசப்பின் அம்மாதாங்க வாராவாரம் கூடையில துணி போட்டு மூடிக் கொண்டாந்து விக்கிறாங்க.”