கூடவே வந்த நாய்

"நாயை ஏசாதையும். அவையளுக்குக் கேட்டால் என்ன நினைப்பினம்?" என்று மனைவியின் காதருகே சொன்னார் தவராசா.

"நான் எங்கே ஏசினனான்? பாவாடையைக் கடிச்சு இழுக்குது, பாருங்கோ!" என்றாள் வசந்தமலர்.

மலைப்பாதையில் முன்னால் முருகையாவும் அவர் மனைவி கிளாராவும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மலேசியாவின் ஈப்போக்காரர்கள், நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து பத்து வருடம். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் தவராசாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் முருகையாதான். எண்பத்து நாலில் இரண்டு பெட்டியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவருக்கு அது சின்ன உதவியில்லை. "ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுல அடைஞ்சு கிடக்காதீங்க, வைட்டாக்கரே மலைக்கு வாங்க, நடக்கலாம்" என்று அவர் கூப்பிட்டதும் சரி என்றுவிட்டார். நாயும் வரும் என்று மட்டும் முருகையா சொல்லவில்லை.

காலையில் காரை நிறுத்தி இறங்கியதுமே அந்தக் கறுப்பு வெள்ளை நாய் பாய்ந்து வந்து தவராசாவின் கையை முகர்ந்தது. அதன் பின்னாலேயே வந்த முருகையா, குனிந்து அதன் கழுத்தைத் தடவினார்.

"நல்ல நாய்," என்றார்.

"ஓம், வடிவான நாய்," என்றார் தவராசா, மரியாதைக்கு.

ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்த பெரணி மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போனது. நாய் முன்னால் ஓடியது, திரும்பி வந்தது. வந்து நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. யாரைத் தேடுகிறது, என்ன கேட்கிறது? தவராசாவுக்குப் பிடிபடவில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு வளைவு வந்தது. ஒரு பக்கம் செங்குத்தான சரிவு. கீழே ஓடை இரைந்தது. நாய் நடுப்பாதையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு சரிவைப் பார்த்துக் குரைத்தது.

முருகையா நின்று தவராசாவைப் பார்த்தார். தவராசா முருகையாவைப் பார்த்தார்.

"தண்ணி தாகமா இருக்கும்," என்றாள் கிளாரா.

"முயல் ஏதும் கண்டுதோ தெரியாது," என்றாள் வசந்தமலர்.

"விடுங்க, பின்னாலயே வந்துடும்," என்று முருகையா நடந்தார்.

வசந்தமலர் கணவனின் கையைக் கிள்ளினாள். "இஞ்சேருங்கோ, இவையள் என்ன மனுசர்? வாயில்லாச் சீவன் இப்பிடிக் கத்துது, திரும்பியும் பாக்காமப் போகினம்."

"ஸ்ஸ். பேசாமல் வாரும்."

உச்சியில் கடல் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். கிளாரா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தாள். வசந்தமலர் மீன் கட்லட் டப்பாவைத் திறந்தாள். ஒன்றை நாய்க்குப் போட்டாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முனகிக்கொண்டே நின்றது.

"கட்லட் வேண்டாமெண்ட நாயை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"இது பசியில அழல வசந்தா," என்றாள் கிளாரா. "வேற என்னமோ இருக்கு."

இதற்கு என்ன பெயர் என்றாவது கேட்போம் என்று தவராசா வாயெடுத்தார். அதற்குள் நாய், முருகையாவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு வந்த வழியே பாய்ந்து ஓடியது.

"ஐயையோ!" என்று கிளாரா எழுந்தாள்.

"பரவாயில்லலா, தவராசா. பழைய தொப்பிதான்," என்று சிரித்தார் முருகையா.

தொப்பி போனது அவருடையது, ஓடியது நாய். தனக்கு எதற்குப் பரவாயில்லை சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே தவராசாவும் மற்றவர்களோடு இறங்கினார்.

அதே வளைவில், பாதையின் விளிம்பில் தொப்பி கிடந்தது. சரிவில் இரண்டு முழம் இறங்கி நின்று, மேலே பார்த்துக் குரைத்தது நாய்.

"விளையாட்டுக் காட்டுது," என்று முருகையா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். மேகம் கறுத்திருந்தது. மழை வருமுன் போய்விட வேண்டும் என்று விறுவிறுவென்று நடந்தார்கள்.

கார்களை அடைந்தபோது நாயும் ஓடி வந்து சேர்ந்தது. தவராசா சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். முருகையா தன் கார் அருகே நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தவராசா, ஏத்தலையா?"

"ஆரை?"

"உங்க நாயைத்தான்."

"எங்கட நாயோ? இது உங்கடையெல்லோ!"

"எங்களுதா? நாங்க வந்தப்பவே இது இங்க நின்னுச்சு. உங்க காரைக் கண்டதும் பாய்ஞ்சு வந்துச்சு. உங்களுதுன்னுல்ல நினைச்சோம்!"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாய் மறுபடி பாதை வாசலுக்கு ஓடி, திரும்பி நின்று குரைத்தது.

"கடவுளே," என்றாள் வசந்தமலர். முதலில் ஓடியவள் அவள்தான்.

வளைவை அடைந்ததும் தவராசா வேர்களைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். பெரணிகளை விலக்கினார். ஓடையோரம், முறிந்த காலைப் பாறைமேல் நீட்டியபடி ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நாய் அவர் மார்பில் முகத்தைப் புதைத்தது.

கிழவர் தவராசாவைப் பார்க்கவில்லை. நாயின் தலையைத் தடவி, கம்மிய குரலில் அதனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்:

"காலையிலிருந்து ஒரு மனுஷன்கூடவா உன் கண்ணில் படவில்லை?"