ஊருக்கு ஒரு நிறம்

“அந்தக் கலர மாத்தற வரைக்கும் நான் இங்கேர்ந்து எழுந்துக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அலுவலக வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள் செங்கம்மா. திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் நடக்கிற சின்ன இணையப் பத்திரிகை அது. வெயிலில் நடந்து வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. மடியில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள்.

ரூபா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினாள். இப்படி வந்து நிற்கிற முதல் ஆள் இல்லை இவள்.

சித்தூர் மாவட்டத்தில் எந்தெந்த ஊரில் நிலத்தடித் தண்ணீர் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ரூபா ஒரு வருஷம் அலைந்து எழுதினாள். யாரும் படிக்கவில்லை. மாநிலத்து ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் போராடி வாங்கி, அதையே ஒரு வரைபடமாகப் போட்டதும் ஜனங்கள் போனில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஊரைத் தொட்டால் அங்கே எத்தனை நோயாளிகள், என்ன வயது என்று விரியும். நோய் அதிகமிருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. எந்த ஊருக்கு என்ன உதவி அனுப்புவது என்று அதிகாரிகளும் இப்போது அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

அதன் பிறகுதான் ஒவ்வொருவராக மாடியேறி வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள், நிலம் விலை போகவில்லை என்றார்கள். ஒருவர் மாம்பழக் கூடையோடு வந்து கெஞ்சினார். இன்னொருவர் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான், கலரை மாற்ற வேண்டும்.

“உங்கள யாரு அனுப்பினாங்க?” என்றாள் ரூபா.

“குடுபல்லி பக்கத்துலேர்ந்து வரேன்மா. ஊருத் தலைவரு சர்பஞ்சுதான் பஸ்சு ஏத்தி உட்டாரு.”

“அப்பவே நெனச்சேன்.”

“அந்தக் கலரு வந்ததிலேர்ந்து லாரி நின்னு போச்சும்மா. ஊருக்குள்ள ஒரு லாரி வர்ல.”

“தக்காளி ஏத்த வர்ற வியாபாரிங்க பயப்படத்தான் செய்வாங்க. கொஞ்ச நாள் போனா வருவாங்க. தக்காளி முக்கியமா, உயிரு முக்கியமா?”

செங்கம்மா புரியாமல் விழித்தாள். பிறகு பாட்டிலைத் திறந்து நீட்டினாள். “எங்க போரு தண்ணிம்மா. ஒரு வாய் குடிச்சிப் பாரு.”

ரூபா அதைக் கையால் விலக்கினாள். “நல்ல தண்ணின்னு என் முன்னாடியே குடிச்சுக் காட்டினவங்கள்லாம் இருக்காங்கம்மா. அது நாக்குக்குத் தெரியாது.”

செங்கம்மா பாட்டிலை மூடப் போனாள். மூடி கை நழுவிப் படிக்கட்டில் உருண்டு போனது. அவள் அதை எடுக்கப் போகவில்லை.

“எங்க வூட்டுக்காரருக்கு மூஞ்சி, கையெல்லாம் வீங்கிகினு கெடக்குது. வாணியம்பாடிக்குக் கூட்டிகினு போய்த்தான் ரத்தம் சுத்தம் பண்ணிகினு வரேன். எங்க ஊரே அங்கதான் போவுது. சித்தூர விட கிட்ட, நம்ம பாஷையும் பேசறாங்க. இப்ப மவளுக்கும் காலு வீங்குதும்மா. ஒம்பதாவது படிக்குது.”

ரூபாவின் குரல் தணிந்தது. “அதுக்குத்தாம்மா அந்தக் கலரே வெச்சிருக்கோம். உள்ளத மறைச்சா உங்க மகளுக்குத்தான் கெடுதல்.”

“அத்தத்தானம்மா நானும் சொல்றேன். மறைக்காத. கலர மாத்து.”

பாவம், துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை என்று ரூபா நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு ஊருக்காக ஒரு புள்ளியை மாற்றினாலும், அப்புறம் அந்த வரைபடத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அவள் மறுபடியும் தலையசைத்தாள்.

செங்கம்மா தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒருத்தரப் பறிகொடுக்கப் போறேன்னு தெரிஞ்சு போச்சும்மா. ரெண்டு பேர என்னால முடியாது.”

“காலை விடுங்கம்மா. மொதல்ல எழுந்திரிங்க.” ரூபா அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். வாங்கிக் கொடுத்த டீயை அவள் தொடவேயில்லை.

“இதோ பாருங்க, உங்க ஊருக் கணக்க நானே எடுத்துக் காட்டறேன். பாத்தீங்கன்னா மாத்தச் சொல்லி நீங்களே கேக்க மாட்டீங்க. ஊரு பேரு என்ன?”

“புளியங்கொட்டாய்.”

ரூபா தட்டினாள். வரைபடம் சித்தூரைத் தாண்டி, பலமநேரைத் தாண்டி, குப்பத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. மாநில எல்லைக் கோட்டை ஒட்டி ஒரு சின்னப் புள்ளியில் போய் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம், வாணியம்பாடி இருக்கிற இடம், எதுவும் வரையப்படாமல் வெள்ளையாக இருந்தது.

அவள் புள்ளியைத் தொட்டாள். கட்டம் விரிந்தது. படித்துக் காட்ட வாயெடுத்தவள் ஊர்ப் பேரைச் சரிபார்த்தாள். இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள்.

செங்கம்மா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். முந்தானை நுனியால் திரையில் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள்.

“தண்ணி லாரி செவப்பு ஊருக்குத்தான் வருதும்மா. இந்தப் பச்சய எடுத்துட்டு எங்களுக்கும் செவப்பு வெச்சுடும்மா.”